பேஞ்சோவுக்கு எந்தப் பூங்கா

நாய் டாக்டர் சுற்றி வளைத்துப் பேசுகிற ரகம் இல்லை. பேஞ்சோவின் முன்னங்காலைத் தூக்கி, முடி கொட்டிச் செக்கச்செவேலென்று கிடந்த இடத்தை இருவருக்கும் காட்டினார்.

"இது சொறி இல்ல, பூச்சிக்கடியும் இல்ல. இவனே நக்கி நக்கிப் புண்ணாக்கிக்கிறான். வீட்டுல ஏதாவது மாத்தம் உண்டா?"

டெர்மட்டும் கெர்ரினும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. மாற்றம் உண்டா என்றால் உண்டு. எட்டு வருடம் ஒரே வீட்டில் வாழ்ந்துவிட்டுப் போன கோடையில் பிரிந்தவர்கள் அவர்கள். சோபா, ஃப்ரிட்ஜ், சட்டி பானை எல்லாவற்றையும் சத்தமில்லாமல் பிரித்துக்கொண்டாயிற்று. பேஞ்சோவை மட்டும் பிரிக்க முடியவில்லை. அதனால் இரண்டு வாரம் மெல்போர்னில் ஆற்றுக்கு வடக்கே கோபர்க்கில் டெர்மட்டிடம், அடுத்த இரண்டு வாரம் ஆற்றுக்குத் தெற்கே எல்வுட்டில் கெர்ரினிடம் என்று அது மாறி மாறி இருந்து வந்தது.

டாக்டர் கையுறையைக் கழற்றிக் குப்பையில் போட்டார். "ஒரே வீடுன்னு முடிவு பண்ணுங்க. யார் வீடுன்னு என்னைக் கேக்காதீங்க. மாசத்துக்கு ரெண்டு தடவ மூட்டையைக் கட்டச் சொன்னா மனுஷனுக்கே பித்துப் பிடிக்கும். இவனுக்கு ஒன்பது வயசு."

பேஞ்சோ பாதி கெல்பி. ஆடு மேய்க்கிற அந்த இனத்தின் கூர்க்காதும் ஓயாத காலும் அதற்கு வாய்த்திருந்தன. மீதிப் பாதி என்ன இனம் என்று யாரும் சத்தியம் செய்து சொல்ல முடியாது. மேசைமேல் நின்றபடி அது இருவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தது.

ஆஸ்பத்திரி வாசலில் கார்களுக்கு நடுவே நின்று இருவரும் வாதாடினார்கள். இரண்டு பேர் வீடும் வாடகை வீடு. இரண்டிலும் கொல்லை ஒரு படுக்கை விரிப்பு அளவுதான். டெர்மட் டிராம் ஓட்டுகிறவன், கெர்ரின் பரிசோதனைக்கூடத்தில் ரத்தம் எடுக்கிறவள்; இரண்டு பேருக்கும் வேலை நேரம் கன்னாபின்னா. எந்தப் பக்கம் நிறுத்தாலும் தராசு சாயவில்லை.

"சரி, நம்மள விட்டுரு," என்றாள் கெர்ரின். "அவனுக்கு என்ன வேணும்? அவிழ்த்துவிட்டா ஓடணும். எந்தப் பக்கம் நல்ல பூங்கா இருக்கோ, அந்தப் பக்கம் இருக்கட்டும். உன் பக்கம் ரெண்டு, என் பக்கம் ரெண்டு. சனிக்கிழமை சனிக்கிழமை ரெண்டு பேரும் சேந்து கூட்டிட்டுப் போவோம். அவனே சொல்லிடுவான்."

"தோத்தவங்க?"

"ஞாயித்துக்கிழமை வந்து பாத்துட்டுப் போலாம்."

இப்படி ஒரு யோசனை மெல்போர்னில் நாய் வைத்திருப்பவர்களுக்கு மட்டும்தான் தோன்றும். கால்பந்துக்கு அடுத்தபடி அவர்கள் மணிக்கணக்காக வாதாடுவது இதைப் பற்றித்தான்: எந்தப் பூங்காவில் நாயைக் கயிறில்லாமல் விடலாம், எங்கே வேலி உண்டு, எங்கே சேறு, எங்கே அடாவடி நாய்கள், எங்கே அடாவடி மனிதர்கள். வீடு தேடுகிறவர்கள்கூடச் சமையலறையைப் பார்க்கும் முன்னால் இதைத்தான் விசாரிப்பார்கள். டெர்மட்டுக்கு யோசனை உடனே பிடித்துப்போயிற்று. ஜெயிக்கப்போவது தான்தான் என்று அவனுக்குச் சந்தேகமே இல்லை.

ஜெயித்தே ஆகவேண்டிய நிலைமையும் அவனுடையதுதான். பேஞ்சோ தெற்கே போகிற இரண்டு வாரமும் டெர்மட் வேலை முடிந்து வந்தால் மறுநாள் வேலைக்குக் கிளம்பும்வரை வாய் திறப்பதில்லை. பூங்காவுக்கும் போவதில்லை, நாயில்லாமல் நாய்ப் பூங்காவில் போய் நிற்கிற ஆம்பளையை யாரும் நல்லவிதமாகப் பார்க்கமாட்டார்கள். நாற்பத்தேழு வயதில் அவனுக்கு இருந்த மனிதத் தொடர்பெல்லாம் அந்த நாயின் கழுத்துப்பட்டையில்தான் மாட்டியிருந்தது. இதை அவன் யாரிடமும் சொன்னதில்லை, கெர்ரினிடம் சொல்வானா.

முதல் சனிக்கிழமை அவன் முறை. சிற்றாற்றங்கரையில் ஒரு புல்மேடு. முன்பு நகரசபைக் குப்பை கொட்டிய இடம். பெயர்ப்பலகையில் ஏதோ அழகான பெயர் உண்டு. ஆனால் நாய்க்காரர்கள் எல்லாருக்கும் அது 'குப்பைமேடு'தான். வேலி கிடையாது, காவல் கிடையாது. ஒரு நாய் நேராக ஓட ஆரம்பித்தால் களைத்துப்போய்த்தான் நிற்கும்.

"அட, பேஞ்சோ அம்மா! எத்தன நாளாச்சு!" என்று தூரத்திலிருந்தே ஒரு குரல் வந்தது. நூடுல்ஸ் என்கிற சுருட்டைமுடி நாயின் அம்மா அவள். மேக்பை பறவைகள் முட்டையிட்டிருக்கும் காலம் என்பதால், தலையில் கொத்து விழாமலிருக்க சைக்கிள் ஹெல்மெட்டும், அதில் முள்ளம்பன்றி போல நட்டுவைத்த பிளாஸ்டிக் பட்டைகளுமாக வந்தாள்.

நாய்ப் பூங்காவில் மனிதர்களுக்குப் பெயர் கிடையாது. பெயர் நாய்க்குத்தான். கூட வருகிறவர்கள் இன்னாரின் அம்மா, இன்னாரின் அப்பா, அவ்வளவுதான். வருடக்கணக்காகத் தினமும் சந்தித்து, மூலவியாதி முதல் மருமகள் வரை பேசித் தீர்த்திருப்பார்கள். ஆனால் எதிராளியின் பெயரைக் கேட்பது வழக்கமில்லை. கேட்டால் போலீஸ் விசாரணை மாதிரி ஆகிவிடும்.

"ரெண்டு பேரும் சேந்துட்டீங்களா?" என்று கேட்டாள் நூடுல்ஸ் அம்மா. ஒளிவுமறைவெல்லாம் அவளுக்கு ஆகாது.

"சேரல. நாய்க்குப் பூங்கா பாக்குறோம்," என்றாள் கெர்ரின்.

"இதான் பூங்கா. பாத்துக்கோ. எனக்கு எதுக்கு வம்பு, நான் ஒண்ணும் கேக்கமாட்டேன்," என்று சொல்லிவிட்டு அவள் அரை மணி நேரம் கேட்டாள். அதற்குள் பேஞ்சோ மேட்டை மூன்று முறை சுற்றிவிட்டது. பெரிய வட்டமாக ஓடும், பெஞ்சுக்குப் பின்னால் வந்து கெர்ரினின் முழங்காலுக்குப் பின்பக்கம் மூக்கால் ஒரு இடி இடிக்கும், அப்புறம் டெர்மட்டை ஒரு இடி. மறுபடி ஓடும்.

"எப்படி? ராஜா மாதிரி இருக்கான் பாரு," என்றான் டெர்மட்.

"அந்த போர்டுல என்ன எழுதியிருக்கு?"

"பாம்பு இருக்கலாம்னு எழுதியிருக்கு. இருக்கலாம். இருக்குன்னு எழுதல."

"நீ எப்பவுமே இப்படித்தான். வீட்டுக்காரன் ஒழுகலாம்னு சொன்ன கூரையும் ஒழுகவேதான் செஞ்சுது." கெர்ரின் குனிந்து ஒரு புல்கதிரைக் கிள்ளி அவன் முகத்துக்கு நேரே நீட்டினாள். "இது காஞ்சதும் என்ன ஆகும்? முந்தின வருஷம் இவன் காதுக்குள்ள இருந்து டாக்டர் எத்தன விதை எடுத்தாங்க? மறந்துபோச்சா?"

மறக்கவில்லை. டெர்மட் பேச்சை மாற்றினான். நாய் இடித்த இடியில் இருவரும் எப்போது அந்த ஒற்றை பெஞ்சில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள் என்று இருவருக்குமே தெரியாது. பேஞ்சோ அவர்கள் கால்மாட்டில் தொப்பென்று படுத்து நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டது.

அடுத்த சனிக்கிழமை தெற்கே. கோபர்க்காரர்கள் ஆற்றைத் தாண்டித் தெற்கே போவதென்றால் பாஸ்போர்ட் எடுத்துவைத்தாயா என்று கிண்டலடிப்பார்கள். டெர்மட் ரயில் மாறி, பஸ் மாறிப் போய் இறங்கினான். கெர்ரின் காட்டிய பூங்காவைப் பார்த்ததும் அவனுக்கு வயிறு குளிர்ந்துவிட்டது.

சுற்றிலும் இடுப்புயர வேலி. ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு கேட். தரையில் புல்லே இல்லை, மரச்சீவல் கொட்டி வைத்திருந்தார்கள். நாய் நுழைந்து போகக் குழாய், ஏறி இறங்கப் பலகை, நாயின் உயரத்துக்குத் தண்ணீர்க்குழாய், குட்டை நாய்களுக்குத் தனியாக ஓர் அடைப்பு. வாசலில் காப்பி வண்டிக்காரன் நாய்களுக்கென்று சின்னக் கிண்ணத்தில் நுரைத்த பால் விற்றுக்கொண்டிருந்தான். மழையே இல்லாத நாளில் மழைக்கோட்டு போட்ட நாய்கள் இரண்டு நின்றன.

"இது பூங்கா இல்ல, கெர்ரின். பாலர் பள்ளிக்கூடம்."

"பாம்பு இல்ல. விதை இல்ல. ரோட்டுக்கு ஓடமுடியாது."

வெள்ளை நாயோடு ஒருத்தர் மிகுந்த பண்போடு அருகில் வந்தார். "தப்பா எடுத்துக்காதீங்க. உங்க பையன் கொஞ்சம் வேகமா விளையாடுறான். எங்க ஒலிவியாவுக்குப் படபடப்பு வந்துருது."

"எங்க பையன் இன்னும் விளையாடவே ஆரம்பிக்கல, சார்," என்றான் டெர்மட்.

உண்மைதான். பேஞ்சோ எங்கும் ஓடவில்லை. டெர்மட்டின் காலடியில் உட்கார்ந்து, மேலே பார்த்துக்கொண்டே இருந்தது. ஒலிவியாவின் அப்பா விலகிப் போனதும் டெர்மட் உதட்டைப் பிதுக்கினான். "பாத்தியா? பாவம், பிடிக்கவே இல்ல அவனுக்கு."

கெர்ரின் நாயைப் பார்த்தாள். நாய் பார்க்கிற இடத்தைப் பார்த்தாள். "பாக்கெட்டக் காட்டு."

"என்ன பாக்கெட்?"

"அந்தப் பாக்கெட். இங்க வரைக்கும் நாறுது."

காய்ந்த ஈரல் துண்டுகள், கைநிறைய. டெர்மட் அவற்றை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, அவை எப்படி அங்கே வந்தன என்று அவனுக்கும் ஆச்சரியம் போல நின்றான்.

"பழக்கதோஷம். வேலைக்குப் போற ஜாக்கெட்..."

"திருட்டு நாயே. பேஞ்சோவைச் சொல்லல, உன்னைத்தான். கள்ளாட்டம் ஆடுறப்போ உன் காது செவக்கும். எட்டு வருஷமாப் பாத்திருக்கேன்."

காதைத் தொட்டுப் பார்த்தான், சூடாகத்தான் இருந்தது. கெர்ரினுக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அவனுக்கும் வந்தது. பிரிந்தபின் இருவரும் சேர்ந்து சிரித்தது அதுதான் முதல் தடவை. பேஞ்சோ வாலால் மரச்சீவலைக் கூட்டிப் பெருக்கியது. அன்று ரயிலில் திரும்பி வரும்போது டெர்மட் பூங்காவைப் பற்றி அதிகம் யோசிக்கவில்லை.

மூன்றாவது சனிக்கிழமை அவன் தன் கையாலேயே தன் தலையில் மண்ணைப் போட்டுக்கொண்டான். அவன் வீட்டுத் தெருமுனையில் பெரிய மைதானம் ஒன்று உண்டு. வழவழவென்று புல், விதையும் இல்லை, பாம்பும் இல்லை. குளிர்காலம் முழுக்க அவனும் பேஞ்சோவும் அங்கே ராஜ்யம் நடத்தியிருக்கிறார்கள். இதைப் பார்த்தால் கெர்ரினின் வாய் அடைத்துவிடும் என்று நினைத்தான். அக்டோபர் பிறந்துவிட்டால் மைதானம் நாய்களின் கையைவிட்டுப் போய்விடும், கிரிக்கெட் வந்துவிடும் என்பது இந்த ஊரில் நாய் வைத்திருக்கிற எவனுக்கும் மறக்கக்கூடாத பாடம். அவன் மறந்தான். கேட்டைத் திறக்கும்போதே பழக்கத்தில் கயிற்றை அவிழ்த்தும் விட்டான்.

வெள்ளை உடையில் பொடியன்களின் ஆட்டம் ஒன்று சுவாரசியமாக நடந்துகொண்டிருந்தது. பேஞ்சோ ஒரு கணம் நின்று பார்த்தது. பதினோரு பேர், ஆளுக்கொரு மூலையில், சிதறிப்போய் நிற்கிறார்கள். அதன் ரத்தத்தில் இருந்த கெல்பிக்கு இதைவிடப் பெரிய அநியாயம் இருக்க முடியாது. தாழ்ந்து, பதுங்கி, எல்லைக்கோட்டை ஒட்டிப் பெரிய வட்டமாக ஓடி, முதலில் தூரத்தில் நின்றவனை உள்ளே தள்ளியது. அப்புறம் அடுத்தவனை. கடிக்கவில்லை, குரைக்கவில்லை, கணுக்காலுக்குப் பக்கத்தில் மூக்கைக் கொண்டுபோகும், பையன் தானாகவே நகர்வான்.

"பேஞ்சோ! இங்க வா! பேஞ்சோ!" டெர்மட்டின் தொண்டை கிழிந்தது. கூப்பிட்டால் வருகிற நாய்தான். ஆனால் அது வேலையில் இருந்தது.

"யோவ், யாரு நாய்யா அது?" என்று நடுவர் கத்தினார். "சீசன் தொடங்கியாச்சுன்னு தெரியாதா?"

"இந்த டீம் இவ்வளவு நெருக்கமா நின்னு இன்னிக்குத்தான் பாக்குறேன்," என்று பெற்றோர் கூட்டத்திலிருந்து யாரோ சொல்ல, எல்லாரும் சிரித்தார்கள். மொத்த அணியும் ஆடுகளத்தின் நடுவே ஒரு கொத்தாகச் சேர்ந்த பிறகுதான் பேஞ்சோ திருப்தியாக மூச்சு விட்டுப் படுத்தது. டெர்மட் போய் எல்லாரிடமும் மன்னிப்புக் கேட்டு, கயிறு மாட்டி இழுத்து வந்தான்.

கெர்ரின் வேலியைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள், கண்ணில் நீர் வரும்வரை. திரும்பி நடக்கும்போது குனிந்து பேஞ்சோவின் காலைப் பார்த்தாள்.

"டெர்மட், முடி முளைக்குது பாரு. என்கிட்ட இருக்கறப்போ, சனிக்கிழமைக்கு அப்புறம் ரெண்டு மூணு நாள் இவன் காலத் தொடறதே இல்ல. அப்புறம் வாரக் கடைசியில மறுபடி ஆரம்பிச்சுடறான்."

"என்கிட்டயும் அப்படித்தான். நான் போடுற களிம்பு வேலை செய்யுது."

"களிம்பா? எங்க பக்கத்துக் கடல் தண்ணிதான். உப்பு."

நான்காவது சனிக்கிழமைக்கு டெர்மட் சட்டையை இஸ்திரி போட்டான். சேற்று நாய் மேலே பாய்கிற இடத்துக்கு எவனும் இஸ்திரி போட்ட சட்டையோடு போகமாட்டான். கண்ணாடியில் பார்த்தபோது அவனுக்கே கொஞ்சம் வெட்கமாக இருந்தது, ஆனாலும் கழற்றவில்லை. கெர்ரின் இரண்டு வாரமாகச் சிரிக்கிறாள். நாய்க்கு ஒரே வீடு வேண்டுமென்று டாக்டர் சொன்னார்; ஒரே வீட்டில் யார் யார் இருக்கவேண்டும் என்று சொல்லவில்லையே. இந்த நினைப்போடு அவன் சொன்ன நேரத்துக்கு வெகு முன்னதாகவே எல்வுட் கடற்கரைக்குப் போய்ச் சேர்ந்தான்.

நாய்களுக்கு விட்ட கடற்கரை அது. அலை என்று பெரிதாகச் சொல்ல எதுவும் இல்லாத, முழங்கால் ஆழத்துக்கு வெகுதூரம் போகிற விரிகுடா. ஈர மணல் கெட்டியாக, ஓடுவதற்கென்றே செய்தது போலக் கிடந்தது. ஒதுங்கிய கடற்பாசியில் நாய்கள் புரண்டு, நாறிக்கொண்டு, பேரானந்தமாகத் திரிந்தன. டெர்மட் ஐந்து நிமிடம் பார்த்தான். பூங்காவைப் பொறுத்தவரை தான் தோற்றாயிற்று என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது. ஆச்சரியமாக, அது அவ்வளவாக வலிக்கவில்லை.

நீண்ட உடம்பும் குட்டைக் காலுமாக ஒரு நாயைக் கூட்டிக்கொண்டு வந்த அம்மாள் அவனைப் பார்த்துச் சிரித்தாள். "இது டச்சஸ். தண்ணின்னா இவளுக்குப் பிடிக்காது, தினம் கூட்டிட்டு வந்து நிறுத்துறேன். உங்களுது எது?"

"இன்னும் வரல. வந்துட்டிருக்கான். பேஞ்சோ."

"ஓ, நம்ம பேஞ்சோவா!" அம்மாள் முகம் மலர்ந்தது. அப்புறம் கவலையானது. "ஏன், பேஞ்சோ அப்பாவுக்கு உடம்பு சரியில்லையா?"

"நான்தான் பேஞ்சோ அப்பா."

அம்மாள் அவனைத் தலை முதல் கால் வரை, இஸ்திரி போட்ட சட்டை உட்பட, ஒரு தடவை பார்த்தாள். "இல்லீங்களே. பேஞ்சோ அப்பா நல்ல உயரம். செவப்புக் கம்பளித் தொப்பி. காலைல அவர்தான் கூட்டிட்டு வருவாரு, சாயங்காலம் அம்மாவும் அப்பாவும் சேந்து வருவாங்க. குளிர்காலம் முழுக்க இப்படித்தான்... உங்களுக்கு வேற பேஞ்சோவோ என்னவோ."

"இருக்கலாம்," என்றான் டெர்மட்.

கடலைப் பார்த்துக்கொண்டு நின்றான். இந்தக் கடற்கரையில் யாருக்கும் கெர்ரினின் பெயர் தெரியாது, அந்த உயரமானவனின் பெயர் தெரியாது, ஆனால் அவர்கள் யார் என்று எல்லாருக்கும் தெரியும். மூன்று வாரம் தன்னோடு பாம்பும் விதையும் பேசியவள் இதை ஒரு வார்த்தை சொல்லவில்லை.

கெர்ரின் சாய்தளத்தில் இறங்கி வந்து கயிற்றை அவிழ்த்ததும் பேஞ்சோ அம்பாகப் பாய்ந்து வந்து அவன் சட்டை முழுக்க மணலாக்கியது. அவன் அதன் தலையைத் தடவிவிட்டு நிமிர்ந்தான்.

"பேஞ்சோ அப்பா வரலையான்னு கேக்குறாங்க."

கெர்ரின் புரியாதது போல நடிக்கவில்லை. "ஹாமிஷ். பக்கத்து வீடு. எனக்குக் காலை ஷிஃப்ட் இருக்கறப்போ இவனைக் கூட்டிட்டு வருவான். அப்படித்தான் ஆரம்பிச்சுது."

"ஆரம்பிச்சு எங்க வந்து நிக்குது?"

"இங்கதான் வந்து நிக்குது." அவள் குரல் தாழ்ந்தது. "சொல்லியிருக்கணும். அவன் இன்னிக்கு வரேன்னான், உன்னைப் பாக்கணும்னு. நானும் சரின்னுட்டேன். திட்டணும்னா திட்டிக்கோ."

"அப்போ இந்தப் பூங்கா நாடகமெல்லாம் எதுக்கு? மொதல்லயே சொல்லித் தொலைச்சிருந்தா ஒரு சட்டையாவது மிஞ்சியிருக்கும்."

"நாடகம் இல்ல. குப்பைமேடு நல்லா இருந்தா உன்கிட்டதான் விட்டிருப்பேன். சத்தியமா. எனக்கும் அவன் வேணும், டெர்மட்."

அவள் பொய் சொல்லவில்லை என்று அவனுக்குத் தெரிந்தது. அதுவே அவனுக்கு இன்னும் கோபத்தை மூட்டியது. சிவப்புத் தொப்பிக்காரன் தூரத்தில் மணலில் வந்துகொண்டிருந்தான். வேகமாக வருவதா மெதுவாக வருவதா என்று தெரியாமல் இரண்டும் கலந்து நடந்தான். பேஞ்சோ அவனைப் பார்த்தது. பார்த்ததும் ஓடியது.

ஆனால் நாய் ஹாமிஷிடம் நிற்கவில்லை. அவனைத் தாண்டி, தண்ணீரில் சளசளவென்று பெரிய வட்டமடித்து, அவனுக்குப் பின்னால் வந்து முழங்காலில் இடித்தது. ஹாமிஷ் நாலடி முன்னால் வந்தான். மறுபடி இடி. மறுபடி நாலடி. அவன் அருகில் வந்ததும் பேஞ்சோ டெர்மட்டின் பின்னால் வந்தது. கோபத்தில் டெர்மட் விலகி விலகி ஈரமணல் வரை போயிருந்தான். ஓர் இடி. பிறகு கெர்ரின். தாழ்ந்து, காதை மடக்கி, ஒரு சத்தமும் இல்லாமல் அது மூவரையும் சுற்றிச் சுற்றி ஓடியது. வட்டம் சுருங்கிக்கொண்டே வந்தது. கடைசியில் மூன்று பேரும் கணுக்கால் தண்ணீரில் தோளோடு தோள் உரச நின்றார்கள். ஹாமிஷின் தொப்பியிலிருந்த நூலைக்கூட டெர்மட்டால் எண்ணியிருக்க முடியும்.

"ஹாமிஷ்," என்றான் தொப்பிக்காரன், கையை நீட்ட இடமில்லாமல்.

"டெர்மட்."

பேஞ்சோ அவர்கள் காலருகே நனைந்த மணலில் படுத்தது. வயிறு ஏறி இறங்கியது. காலை நக்கவில்லை. யாரையும் பார்க்கவுமில்லை, கண்ணை மூடிக்கொண்டது. வேலை முடிந்த நாய் எப்படிப் படுக்குமோ அப்படிப் படுத்திருந்தது.

டெர்மட் அதைப் பார்த்துக்கொண்டே நின்றான். அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. களிம்பும் இல்லை, உப்பும் இல்லை. பூங்காவே இல்லை. குப்பைமேட்டில் அது படுத்தது இருவரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்த பிறகு. சனிக்கிழமை இருவரையும் ஒன்றாகப் பார்த்தால் இரண்டு மூன்று நாள் அதன் மனசு அடங்கியிருக்கிறது. அப்புறம் ஓர் ஆள் குறைகிறது என்று தெரிந்து காலை நக்க ஆரம்பித்திருக்கிறது. அவர்கள் பூங்காக்களை எடைபோட்டுக்கொண்டிருந்த நேரமெல்லாம், மந்தையில் காணாமல் போகிற ஓர் ஆட்டைத்தான் அது தேடிக்கொண்டிருந்திருக்கிறது.

"கெர்ரின், இவன் இங்கயே இருக்கட்டும்."

"கடற்கரை பிடிச்சிருக்கா?"

"கடற்கரை நல்லாத்தான் இருக்கு. அதுக்கில்ல." அவன் சட்டையிலிருந்த மணலைத் தட்டினான். "ஞாயித்துக்கிழமை நான் வரமாட்டேன்."

"ஏய், கோபத்துல பேசாத. தோத்தவங்க வந்து பாக்கலாம்னுதானே பேச்சு?"

"கோபம் இருக்கு. இல்லேங்கல. ஆனா இது கோபம் இல்ல. நான் வந்து வந்து போனா இவன் என்னைக் கணக்குல வெச்சுக்கிட்டே இருப்பான். வியாழக்கிழமைலேர்ந்து நக்குவான். அடுத்த ஞாயிறு நிப்பாட்டுவான். அவனுக்கு வேலையே முடியாது, கெர்ரின். இங்க ரெண்டு பேர் இருக்கீங்க. ரெண்டு பேரும் ஒரே பக்கம் இருக்கீங்க. அது போதும் அவனுக்கு."

ஹாமிஷ் தண்ணீரைப் பார்த்தபடி, "நீங்க எப்ப வேணா வரலாங்க," என்றான். நல்லெண்ணத்தில்தான் சொன்னான்.

டெர்மட் குனிந்து நாயின் காதுக்குப் பின்னால், எலும்பு துருத்திய அந்த இடத்தில், கொஞ்ச நேரம் சொறிந்துவிட்டான். பிறகு எழுந்து சாய்தளத்தைப் பார்த்து நடந்தான். இருபது தப்படி போவதற்குள் பேஞ்சோ முன்னால் வந்து குறுக்கே நின்றது. அவன் சுற்றிப் போனான். அது பின்னால் வந்து இடித்து, பக்கவாட்டில் வந்து தள்ளி, அவனை மறுபடி அவர்களிடமே கொண்டுவந்து சேர்த்தது. இரண்டாம் தடவையும் அதே கதைதான். டச்சஸின் அம்மா பார்த்துக் கைதட்டினாள். "சமத்து! ஒருத்தரையும் விடமாட்டான் போலிருக்கே!"

"கயிறு எங்க?" என்று கேட்டான் டெர்மட்.

"இங்க எதுக்குக் கயிறு? இது அவிழ்த்துவிடுற கடற்கரை."

"குடு, கெர்ரின்."

அவனே மாட்டினான். பேஞ்சோ தலையைத் தூக்கிக் கொடுத்தது, வீட்டுக்குப் போகப்போகிறோம் என்று நினைத்துக்கொண்டு. கயிற்றின் மறுமுனையைக் கெர்ரினின் கையில் வைத்து, அவள் விரல்களை மூடிவிட்டான். அவள் அழுதுகொண்டிருந்தாள். அத்தனை நாய்கள் ஓடித் திரிந்த அந்தக் கரையில் கட்டிப்போட்ட நாய் அது ஒன்றுதான்.

நடந்தான். திரும்பிப் பார்த்தால் கூப்பிடுவதாக எடுத்துக்கொள்ளும் என்பதால் திரும்பவில்லை. முதலில் கயிறு விறைக்கும் சத்தமும் மணலைப் பிறாண்டும் சத்தமும் கேட்டன. அப்புறம் குரைத்தது. வேலை செய்யும்போது ஒருபோதும் குரைக்காத நாய் அது. சாய்தளம் முழுக்க அந்தக் குரைப்பு அவன் முதுகில் விழுந்துகொண்டே வந்தது. புல்தரையைக் கடந்து சாலையோரம் வந்தபோது நின்றுவிட்டது.

அவன் எதிர்பார்த்ததைவிடச் சீக்கிரமாகவே நின்றுவிட்டது. நிற்கவேண்டும் என்றுதான் அவன் கிளம்பி வந்தான். சாலையைக் கடக்க விளக்கு இரண்டு தடவை மாறிற்று. இன்னும் ஒரே ஒரு தடவையாவது குரைக்கும் என்று அவன் அங்கேயே நின்று கேட்டுக்கொண்டிருந்தான். குரைக்கவில்லை.